எந்த ஈயம்?

அம்முவுக்குப் பல் முளைக்கிற சமயம். கையில் எது அகப்பட்டாலும் வாய்க்குத்தான் போகும். அவள் அப்பன் டில்லிபாபு சும்மா இருந்தானா? துறைமுகத்திலிருந்து ரிப்பேருக்கு வந்த மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே கிடந்தது ஒரு பழைய காசு. வெள்ளிதான் என்று தானே தீர்ப்பு எழுதி, பட்டறையிலேயே வளையம் பற்றவைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து மகள் கழுத்தில் போட்டான். தண்டையார்பேட்டை முழுக்கக் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

இன்று குளிப்பாட்டும்போதுதான் யசோதரா பார்த்தாள். காசில் பல் பதிந்திருந்தது. பால் பல்லுக்கு வெள்ளி பள்ளமாகுமா? கயிற்றை அறுத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனையும் கிளப்பிக்கொண்டு, வண்ணாரப்பேட்டையில் நகைக்குத் தரம் பார்க்கும் அப்துல் வஹாப் கடைக்கு ஓடினாள்.

அவர் காசை மெஷினுக்குள் வைத்துத் திரையைப் பார்த்தார். "வெள்ளி இல்லம்மா, ஈயம்," என்றார். அதற்குள் மசூதியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். "ஜும்மா முடிச்சிட்டு வந்து முழுசா பாக்கறேன்," என்று ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

டில்லிபாபுவுக்கு உயிர் வந்தது. "ஈயம்தானே, இன்னாத்துக்கு பேஜாராவுற? நம்ம வூட்டு ரசச் சொம்பும் ஈயம்தான். தெனம் துன்னுகினுதானே கீறோம்."

"பெயின்ட்ல கீற விஷத்தையும் ஈயம்னுதான் சொல்றாங்கோ. கொழந்தைக்கு மூளையே வளராதாம். இது எந்த ஈயம்?"

யசோதரா கடைப் படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், டீக்கடை வரை போய் எதுவும் வாங்காமல் திரும்பினாள். அம்முவின் வாயைத் திறந்து திறந்து பார்த்தாள், பார்த்தால் தெரிந்துவிடுவதுபோல. புருஷன்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் பிள்ளை அழுதபோதெல்லாம் அந்தக் காசை வாயில் கொடுத்து அடக்கியது அவள்தான். அதை நினைத்ததும் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பாய் வந்து ஷட்டரைத் தூக்கினார். திரையில் விரல் வைத்துக் காட்டினார். "வெள்ளீயம்மா. ரசச் சொம்பு செய்யறதுதான், பயப்படாத."

யசோதரா அழுதுவிட்டாள். வஹாப் காசைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தார். அவர் முகம் மாறியது.

"வளையம் ஒட்டுன எடத்துல மட்டும் காரீயம் காட்டுது. அதான் விஷம். யாரு ஒட்டுனது?"

யசோதரா காசை வாங்கிப் பார்த்தாள். பல் தடம் அத்தனையும் வளையத்தைச் சுற்றியே இருந்தது.

"பட்டறைல பத்தவெக்கிற கம்பியையும் ஈயம்னுதான் சொல்லுவோம்," என்றான் டில்லிபாபு.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இப்பவே போங்க," என்றார் வஹாப்.

ஆட்டோவில் அவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, சட்டை நுனியால் அவள் வாயைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே வந்தான். அம்மு சிரித்தபடி அவன் விரலைப் பிடித்துக் கடிக்கப் போனாள். நகக்கண்ணில் பட்டறைக் கறுப்பு இருந்தது. அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

பிள்ளை வீரிட்டு அழுதாள். வாயில் கொடுத்து அடக்க அவர்களிடம் ஒன்றுமே இல்லை.