‘நாம்’ என்ற சொல்லுக்கு வெளியே

விமர்சனக் கோட்பாடும் வாழ்முறைகளும் பற்றிய அந்த இரண்டு வாரப் பயிலரங்குக்குத் தோழியை இழுத்துக்கொண்டு போனதே ஆசிரியைதான். அவள் கல்லூரியில் மெய்யியல் நடத்துபவள். விண்ணப்பம் போட்டது முதல் இருவருக்கும் ஒரே அறை கேட்டு வாங்கியது வரை எல்லாம் அவள் வேலை. தோழி மொழிபெயர்ப்பாளர், ஆறு வயது இளையவள். ஆசிரியை ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் மாணவியர் விடுதியில் தொடங்கிய பழக்கம். கல்யாணப் பேச்சு எடுத்த சொந்தபந்தங்களை இருவருமாகச் சமாளித்து, ஒரே வீட்டில் காலம் தள்ளி வந்தார்கள். “ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு நகராது” என்று ஆசிரியையின் அண்ணி கேலி பேசுவாள். ஆசிரியைக்கு அது கேலியாகப் பட்டதே இல்லை.

முதல் நாளே, பயிலரங்கை நடத்திய பேராசிரியர் சீட்டுக் குலுக்கிப் போட்டு எல்லோரையும் இருவர் இருவராகப் பிரித்துவிட்டார். படிப்பதும் கட்டுரை எழுதுவதும் அந்த இணையோடுதான். ஆசிரியைக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எதைச் சொன்னாலும் “ஆட்சேபணை இல்லை” என்பார். உடனே கண் அயர்ந்துவிடுவார். தோழிக்கு ஒரு கட்டடக் கலைஞர். நெடுநெடுவென்ற உயரம், நீண்ட கழுத்து. ஆசிரியை மனதுக்குள் அவளுக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர் வைத்தாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு வந்தபோது அது காதில் விழுந்தது.

“வாடி இங்க. இந்தப் பத்தி உனக்காவது புரியுதான்னு பாரு.”

தோழி கூப்பிட்டது ஒட்டகத்தை. வாடி! ஆசிரியையிடம் இத்தனை வருஷமாக “வாங்கக்கா, போங்கக்கா”தான். அந்த மரியாதையை அன்பு என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது அது, உள்ளே வரச் சொல்லாமல் வாசலோடு நிறுத்திப் பேசுவதுபோல் உறுத்தியது. வேறு மேசைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்த தோழி உற்சாகமாகச் சொன்னாள்: “அவ ஒரு வீடு கட்டியிருக்காளாம்க்கா. அதுல அவளும் சேத்து ஏழெட்டுப் பேர் ஒண்ணா இருக்காங்களாம். சொந்தம் கிந்தம் ஒண்ணும் கிடையாது, ஆனா ஒரே அடுப்பு.”

“அதுக்குப் பேரு சத்திரம்” என்றாள் ஆசிரியை.

தோழி சிரித்தாள். ஆசிரியை சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கட்டுரை வாசிப்பு. தோழியும் கட்டடக் கலைஞரும் எழுதியிருந்தது உறவுமுறை இல்லாதவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றி. வாசித்தவள் தோழி. தங்கள் வீடு எங்கேயாவது வருமா என்று ஆசிரியை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கடைசிப் பக்கம் வரை வரவில்லை. ‘நாம்’ மட்டும் வரிக்கு வரி வந்தது. ஆசிரியை கையைத் தூக்கினாள்.

“இவ்வளவு தடவை ‘நாம்’னு சொல்றீங்க. புதுசா ஒரு ‘நாம்’ உருவாகும்போது பழைய ‘நாம்’ல இருந்த ஆள் எங்க போறது? அந்த ஆளுக்கு உங்க கோட்பாட்டுல ஒரு மூலையாவது இருக்கா?”

பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். “இத்தனை நாள்ல வந்த கேள்விகள்லயே இதுதான் கேள்வி!” என்று வெண்பலகையில் எழுதிப் போட்டார். நீதிபதிகூட விழித்துக்கொண்டு கைதட்டினார். கட்டடக் கலைஞர் மும்முரமாகக் குறிப்பெடுத்தாள். தோழி மட்டும் காகிதத்தை மடித்தபடி ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் மாடிப்படியில் வந்து மறித்தாள்.

“அது கேள்வியாக்கா?”

“பேராசிரியரே சொன்னாரே.”

“அவருக்கு என்ன தெரியும்? நான் உங்களைக் கேக்கறேன்.”

பொய் வாயில் வரவில்லை. “வயித்தெரிச்சல். போதுமா? அவ உன் பக்கத்துல வந்து உக்காந்தாலே எனக்கு எரியுது.”

தோழி படியில் உட்கார்ந்தாள். “நம்ம வீட்டைப் பத்தித்தான் முதல்ல எழுத உக்காந்தேன். எழுத எழுத, நீங்க முடிவு பண்ணதாவே வந்துச்சு. எந்தத் தெரு, திரைச்சீலைக்கு என்ன நிறம், யாரை வீட்டுக்குக் கூப்பிடலாம்... இங்க வந்ததுகூட. அதுல நான் எங்கன்னு தேடிப் பாத்தேன். கிடைக்கலை. அதான் விட்டுட்டேன்.”

“எல்லாம் உனக்காகத்தானே செஞ்சேன்?”

“தெரியும்க்கா. அதனாலதான் இத்தனை நாளா வாயைத் திறக்க முடியலை. கொஞ்ச மாசம் அவ கட்டின அந்த வீட்டுல போய் இருந்து பாக்கப் போறேன்.”

“அந்த ஒட்டகத்தோடயா?”

வாய் தவறி வந்துவிட்டது. தோழி ஒரு கணம் திகைத்தாள். பிறகு படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசிரியைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும். ஆனால் தோழியின் முடிவு மாறவில்லை.

பயிலரங்கு முடிந்து ஊர் திரும்பி, தோழி வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று பெட்டி அடுக்க ஆசிரியை உதவினாள். அவள் அடுக்கியதைத் தோழி கலைத்துத் தன் போக்கில் மறுபடி அடுக்கினாள். ‘இப்படி வச்சா கசங்கும்’ என்று சொல்லத் துடித்த நாக்கை ஆசிரியை கடித்துக்கொண்டாள். அந்தக் கேள்வியைக் கட்டுரையாக்கித் தரும்படி பேராசிரியர் கேட்டு அனுப்பியபோது, “அது என் சொந்த விஷயம், ஐயா” என்று பதில் எழுதிவிட்டாள்.

ஞாயிறுதோறும் தோழி போன் செய்தாள். பின்னணியில் பாத்திரச் சத்தம், யார் யாருடைய பேச்சோ கேட்கும். “யாரு அங்க சிரிக்கிறது?” என்று கேட்காமல் ஆசிரியையால் ஒரு நாளும் இருக்க முடியவில்லை. தோழி சலிக்காமல் பதில் சொன்னாள். “நீங்களும் ஒரு நாள் வாங்களேன்” என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆசிரியை அந்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனாள்.

தெருமுனையில் தோழி தனியாகக் காத்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கவே ஆசிரியைக்கு வலித்தது.

“எல்லாரும் சாப்பிடக் காத்துட்டிருக்காங்க. உள்ள போலாமாக்கா?”

“கொஞ்ச நேரம் பொறு” என்றாள் ஆசிரியை. “நாம ரெண்டு பேரு மட்டும் ஒரு சுத்து நடந்துட்டுப் போலாம்.”

தோழி வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “சரி, வாங்க” என்று நடந்தாள்.