சொல்லாத இரண்டு எண்கள்

1

வீடு தேடப் போன இடத்தில் கிடைத்த கதை இது. வீடு கிடைக்கவில்லை. லாகோஸில் வீடு பார்ப்பதற்கே தரகருக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஏழு வீட்டுக்குக் கட்டியிருந்தேன். எட்டாவது வீட்டுக்குப் போகும் வழியில், ஷொமோலு பகுதியில் ஒரு மதில் முன்னால் தரகர் ரிசிகாத் நின்றார். தலைத்துணியைச் சரிசெய்து, முழங்காலை மடித்து, பெரியவர்களுக்குச் சொல்வதுபோல் வணக்கம் சொன்னார்.

மதிலுக்கு.

“ஆன்ட்டி, சுவருக்கா வணக்கம்?”

“உனக்குத்தான் தம்பி அது சுவரு.”

கதை எழுதுகிறவன் என்று அவரிடம் ஏற்கெனவே பீற்றிக்கொண்டிருந்தேன். ஆகவே கேட்டேன். மூன்று நாள் கெஞ்சலுக்கும், ஆறு பாட்டில் மால்ட் பானத்துக்கும் பிறகு சொன்னார். நிபந்தனை ஒன்றுதான்: “எழுதிக்கோ. எண்ணை எழுதாத.”

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

ரிசிகாத் ஒரு நேர்மையான வீட்டுத் தரகர். அவர்

நிறுத்திவிட்டேன். நேர்மையான வீட்டுத் தரகர் என்றால் எந்த வாசகர் இரண்டாம் வரிக்கு வருவார்? பேசும் ஆடு என்று தொடங்கினால்கூட நம்பிவிடுவீர்கள்.

ஆகவே குறைகளிலிருந்து வருகிறேன். ரிசிகாத்துக்கு நாற்பத்தெட்டு வயது. குழாய் இருந்தால் அதை நவீன சமையலறை என்பார். பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிடம் என்பார். நாய் துரத்தினால் ஐந்து நிமிடம்தான். எனக்குக் காட்டிய நான்காவது வீட்டில் கழிப்பறைக் கதவு இல்லாததை “நல்ல காத்தோட்டம்” என்றார்.

இப்போது நம்புகிறீர்களா? நல்லது. மேலே போகலாம்.

3

அந்த மதிலுக்குரிய வீட்டுக்காரர் பாபா லடோகுன். ரயில்வேயில் நிலையப் பெயர்ப்பலகைகள் எழுதி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தன் வீட்டு மதிலிலும் அவரே எழுதியிருந்தார், ஆளுயரத்தில், ரயில் நிலையத்துக்குரிய கம்பீரத்தோடு: இந்த வீடு விற்பனைக்கு அல்ல.

ஊரில் பாதி மதில்களில் இருப்பதுதான். ஒருவர் சாவு வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வேறு எவனோ அவர் வீட்டை மூன்று பேருக்கு விற்றுவிடும் ஊர் இது. ஆனால் இப்போது பாபாவுக்கே விற்க வேண்டியிருந்தது; ரிசிகாத்தைத் தரகராக அமர்த்தியிருந்தார். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவரை ரிசிகாத் தடுத்தார்.

“அழிக்காதீங்க பாபா. பணம் கை மாறுற வரைக்கும் அது இருக்கட்டும். அதை அழிச்சீங்கன்னா நாளைக்கே பத்து தரகனுங்க உங்க வீட்டை வித்துருவானுங்க.”

“அப்போ வாங்க வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவ?”

“படிக்காம உள்ள வாங்கன்னு சொல்லுவேன்.”

பாபா வெகுநேரம் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, கேட்கும் விலையைச் சொன்னார். அதற்குக் கீழே எதுவரை இறங்குவார் என்பதையும் சொன்னார்.

(இங்கே முதல் வரைவில் ஓர் எண் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

அவ்வளவு இறங்குவதற்கான காரணத்தையும் சொன்னார். அதையும் இப்போதைக்கு எடுத்துவிட்டேன். பின்னால் அவரே வாய்விட்டுச் சொல்லுவார். அப்போது நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்.

“இது உனக்கும் எனக்கும் மட்டும்” என்றார் பாபா.

“நான் உங்க ஆளு பாபா” என்றார் ரிசிகாத். தொழிலில் தினமும் சொல்லும் சொல்தான். ஆனால் சொன்னபோது ஏதோ பாரமான சாவியைக் கையில் வாங்கிக்கொண்டதுபோல் இருந்ததாம்.

4

கதையில் சிக்கல் வேண்டுமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரிசிகாத்துக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்குத் தங்கை இருந்தாள்.

மொதினா தையல்காரி. பதினான்கு வருடமாக வீட்டுக்கென்று சேர்க்கிறாள். இருப்பது ஒரே அறை. பகலில் மூன்று தையல் இயந்திரங்கள், இரவில் அவற்றுக்கு நடுவே இரண்டு பிள்ளைகள். வருட முடிவில் காலி செய்யும்படி வீட்டுக்காரன் சொல்லிவிட்டான். அவள் எந்த மூலையில் எவ்வளவு வைத்திருக்கிறாள் என்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். சேமிப்பைத் தொடங்கிக் கொடுத்த அக்காவுக்கு.

(இங்கே இன்னோர் எண் இருந்தது.)

பாபாவின் வீடு விற்பனைக்கு வந்ததை அவள் அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு, வந்து பார்த்தாள். முன்னறையில் வெளிச்சம் விழும் பக்கத்தில் நின்று, இயந்திரங்களை எப்படிப் போடலாம் என்று காலால் அளந்தாள். அந்த நடையை ரிசிகாத் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கிழவர் எவ்வளவு வரைக்கும் இறங்குவாரு?”

“கேட்ட விலை உனக்குத் தெரியுமே.”

“அது ஊருக்குச் சொல்ற விலை. நான் ஊரா?”

“இந்த விஷயத்துல ஊருதான்.”

“வல்லாஹி, அல்லா சத்தியமா ஒரே ஒரு எண்ணு, அக்கா. நீ வாயைக்கூடத் திறக்க வேணாம். நான் சொல்லிக்கிட்டே வர்றேன், சரியான இடத்துல கண்ணை மூடு.”

“அப்புறம் உன்னோட பேசறப்பல்லாம் கண்ணைத் திறந்தே வச்சிருக்கணும். தூசி விழும்.”

மொதினா சிரிக்கவில்லை. “அம்மா இருந்திருந்தா உன்னைச் சொல்ல வச்சிருப்பாங்க.”

“அம்மாவே கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

அதன்பிறகு ஒன்பது நாள் பேச்சில்லை. இந்த இடத்தில் ரிசிகாத் தனியாக அழுததாக ஒரு காட்சி எழுதினேன். அவரிடம் படித்துக் காட்டியபோது, “அழுகலை தம்பி. கோபத்துல அவளோட தட்டு, கரண்டி எல்லாம் திருப்பி அனுப்பிட்டேன்” என்றார். காட்சியைக் கிழித்துவிட்டேன்.

5

கண்ணியமான கதை இங்கே முடிந்திருக்கும். ரிசிகாத் அதற்கு விடவில்லை. பாபாவிடம் போய் முழங்காலிட்டார்.

“பாபா, வாங்க வந்திருக்கிறவ என் கூடப் பொறந்தவ. முதல் நாளே சொல்லியிருக்கணும். மன்னிச்சுருங்க. வேணும்னா வேற தரகரை வச்சுக்கோங்க.”

பாபா நெற்றியைத் தடவிக்கொண்டார். “என் எண்ணை அவகிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“அவகிட்ட எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நீ என் ஆளுதானே? சொல்லு.”

ரிசிகாத் தரையைப் பார்த்தார். “அது தங்கச்சி அக்காகிட்டச் சொன்னது பாபா. தரகர்கிட்டச் சொன்னது இல்ல.”

(சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். அமர்த்தியவருக்குப் பயன்படும் எதையும் தரகர் மறைக்கக் கூடாது என்றார். ஒருவர் ரகசியமாக ஒப்படைத்ததை இன்னொருவருக்காகக் கசியவிடக் கூடாது என்றும் சொன்னார். இரண்டும் மோதினால்? என்றேன். “ஒதுங்கிக்கணும்” என்று சொல்லி, அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார். ரிசிகாத் எந்த வழக்கறிஞரையும் கேட்கவில்லை என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.)

“ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வா” என்றார் பாபா.

6

ஞாயிறு. பாபா தண்ணீரும், விருந்தாளிக்குக் கொடுக்கும் கோலாக்கொட்டையும் வைத்தார். மொதினா முழங்காலிட்டு வணங்கி, அக்காவைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். பேரம் நடந்தது. பாபா இரண்டு முறை இறங்கினார், மொதினா மூன்று முறை ஏறினாள். பிறகு இருவரும் நின்றுவிட்டார்கள். நடுவில் ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்கு இடைவெளி.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நிபந்தனையை லேசாக மீறுகிறேன். பாபா மனத்தில் வைத்திருந்த எண்ணும் மொதினா மடியில் வைத்திருந்த எண்ணும் ஒன்றையொன்று என்றோ தாண்டிவிட்டிருந்தன: அவர் இறங்கத் தயாராயிருந்த விலைக்கு மேலேயே அவளிடம் இருந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கத் தயாராக, இருவரும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையில் அதை அறிந்தவர் ஒருவர்தான்.

இருவரும் ஒரே நேரத்தில் ரிசிகாத்தைப் பார்த்தார்கள்.

“நீ சொல்லும்மா. இன்னும் கேக்கலாமா, விட்டுக்குடுத்துறலாமா?” என்றார் பாபா.

‘கேளுங்க’ என்றால் தங்கையின் எண் கசியும். ‘விட்டுக்குடுங்க’ என்றால் பெரியவரின் எண் கசியும். இருமினால்கூட ஏதோ ஒன்று கசியும்.

இந்த இடத்தில் நான் கோழைத்தனமாக மூன்று வழி தேடினேன். மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். எங்கள் ஊரில் அது தினமும் நடப்பது, யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். ரிசிகாத்தை மயங்கி விழ வைத்தேன், அவர் மறுத்துவிட்டார். மூன்றாவதாக, அவர் மெல்லப் புன்னகைத்து

இல்லை. நடந்தது இதுதான். ரிசிகாத் எழுந்தார். கைப்பையிலிருந்து அந்த வீட்டுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

“பாபா, இன்னையிலேர்ந்து இந்த வீட்டுக்கு நான் தரகர் இல்ல. எனக்குக் கமிஷனும் வேணாம். ரெண்டு பேரும் குடுத்ததை நான் வெளிய எடுத்துட்டுப் போறேன். வேலை போனாலும் அது என்கிட்டயே இருக்கும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க.”

வருடம் முழுக்க அலைந்தாலும் அவருக்குக் கிடைக்காத கமிஷன் அது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு வரிக்குக் கைதட்டல் கிடைக்குமென்றால் சொந்த மாமாவின் மூலநோயைக்கூடக் கதையில் எழுதியவன் நான்.

அவர் கதவைச் சாத்தும்போது உள்ளே பாபாவின் குரல் கேட்டது: “எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கும்மா. மகளுக்கு இங்க வர வழியில்ல. பேரப்புள்ள முகம் தெரியுறப்பவே நான் அபேயோகுட்டாவுக்கு அவகிட்டப் போயிரணும்.”

பேரம் பேசுகிற எவரும் எதிராளியிடம் சொல்லக் கூடாத ஒன்று. ரிசிகாத் உயிரைக் கொடுத்துக் காத்ததை அவரே எடுத்துத் தையல்காரியின் முன்னால் வைத்துவிட்டார்.

மொதினா என்ன சொன்னாள்? கதவு சாத்தியிருந்தது.

7

வெளியே ரிசிகாத் மதிலில் சாய்ந்து நின்றார். எதிர்ப்பக்கம் அக்ரா வடை பொரித்துக்கொண்டிருந்தவள், “என்ன மேடம், சுவத்து எழுத்துல கடைசி வார்த்தையை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? விக்கிறாங்களா, இல்லையா?” என்று கத்தினாள்.

“உன் வடையைப் பாரு, கருகுது.”

அதோடு ரிசிகாத் கதையை நிறுத்திவிட்டார்.

“கதவு திறந்ததும் என்ன ஆச்சு ஆன்ட்டி?”

“நீ யாரு ஆளு தம்பி? என் ஆளா, படிக்கிறவங்க ஆளா?”

இருபக்கமும் கை நீட்டியவன் நான். அவரிடம் கதையை வாங்கினேன், உங்களிடம் நேரத்தை வாங்கினேன்.

அந்த மதிலை நான் பார்த்தேன். எழுத்து இருந்ததா, வெள்ளை அடித்திருந்ததா என்பது எனக்குத் தெரியும். ‘சொல்லுங்கள், வாயைத் திறக்காவிட்டாலும் கண்ணையாவது மூடுங்கள்’ என்பீர்கள். மொதினாவும் அப்படித்தான் கேட்டாள்.

கதவுக்கு இந்தப் பக்கம், மதிலில் ரிசிகாத் இன்னும் சாய்ந்து நிற்கிறார். அந்தப் பக்கம் தாழ்ப்பாளில் உங்கள் கை இருக்கிறது. திறந்து வெளியே வாருங்கள், பாபாவாகவோ மொதினாவாகவோ. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

எண்ணை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.