நோர்மாந் அல்லது கயெத்தான்

விமான நிலைய வாசலில் தன் சிவப்பு ப்யூக் வந்து நின்றதைப் பார்த்ததும் கிஸ்லேனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காரை வாங்கிய கணவன் நோர்மாந் இப்போது இல்லை. ஜூலையில் வடக்கே சொந்த நாட்டில், ஷவினிகன் கல்லறையில் வைத்தாயிற்று. கார் மட்டும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று ஃப்ளாரிடா வெயிலில் நின்றது. ஓட்டி வந்திருந்தவன் கயெத்தான். பக்கத்தில் அவன் மனைவி ஒதெத். ஊர்ப் பனிக்குத் தப்பி வருஷா வருஷம் அவளும் நோர்மாந்தும் வந்து தங்கும் ஹாலண்டேல் டிரெய்லர் குடியிருப்பில் இருபது குளிர்காலமாக அடுத்த வீட்டுக்காரர்கள்.

பெட்டியை ஏற்றியதும் கிஸ்லேன் பழக்கதோஷத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்தாள். நோர்மாந்துக்குக் கண் மங்கிய பிறகு, ஐந்து வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

"எங்க போற அழகி? இப்பத்தான் ஏரோப்ளேன்ல இருந்து இறங்கியிருக்க, அதுக்குள்ள ஸ்டியரிங்கா? பின்னாடி ஏறு."

சரி, அக்கறையில் சொல்கிறான் என்று பின்னால் ஏறினாள். அவள் சுபாவம் அப்படி. அன்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பின் சீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தக் குடியிருப்பில் கார் இல்லாதவர்களைப் பார்சல் என்பார்கள். யாராவது எடுத்துப் போனால் உண்டு, இல்லாவிட்டால் வைத்த இடத்தில் கிடக்க வேண்டியதுதான். கடை, மருத்துவர், கடற்கரை, மாதா கோயில் எல்லாம் தூரம். மகள் மார்லேன் இதைத் தெரிந்துதான் கறாராகப் பேசியிருந்தாள். "கார் இருக்குங்கறதாலதான் தனியா போக விடறேன் மம்மி. அது மட்டும் இல்லன்னா, பேசாம எங்க வீட்டுக் கீழ்த்தளத்து ரூமுக்கு வந்துடு." அந்த அறையைக் கிஸ்லேன் அறிவாள். தரையோடு தரையாக ஒரு ஜன்னல். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதில் பனியும் பிறத்தியார் பூட்ஸும்தான் தெரியும். அங்கே போவதைவிட நோர்மாந் பக்கத்திலேயே படுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

மறுநாள் கயெத்தானிடம் சாவி கேட்டாள். பேட்டரி சரியில்லை, பார்த்துத் தருகிறேன் என்றான். வியாழக்கிழமை டயர். வெள்ளிக்கிழமை இரும்புக் குண்டு ஆட்டத்தில் இருந்தான், சாவி அவன் கால்சட்டைப் பையில் இருந்தது. சனிக்கிழமை அவன் இல்லாத நேரம் பார்த்து ஒதெத்திடம் போய்க் கேட்டாள். ஒதெத் கையிலிருந்த பாத்திரத் துணியை முறுக்கிக்கொண்டே, "அவர்கிட்டயே கேளேன், கிஸ்லேன்" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போதுதான் காரின் பின்புறத்தைப் பார்த்தாள். நம்பர் பலகை வேறாக இருந்தது. பதினோரு வருஷம் வாய்ப்பாடு மாதிரி மனசில் இருந்த நம்பர் அங்கே இல்லை.

திங்கட்கிழமை நெடுஞ்சாலை வரை நடந்து, இரண்டு பஸ் மாறி, வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கைப்பையில் கணவனின் மரணச் சான்றிதழும் பழைய பதிவுத் தாளும் இருந்தன. கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். நம்பரைத் தட்டித் திரையைப் பார்த்தாள்.

"இதுல உங்க பேர் எங்கயுமே இல்லையேம்மா. 'நோர்மாந் அல்லது கயெத்தான்'னுதான் இருந்துது. நடுவுல 'அல்லது' இருந்தா, ரெண்டு பேர்ல யார் வேணா தனியா கையெழுத்துப் போட்டு மாத்திக்கலாம். இவர் தன் பேருக்கு மாத்திக்கிட்டார். 'மற்றும்'னு போட்டிருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அப்படி இருந்திருந்தா, உங்க வீட்டுக்காரர் விருப்பம் இல்லாம ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யாரு அப்போ இப்படிப் போடச் சொன்னாங்க?"

யார் போடச் சொன்னார்கள்? கிஸ்லேன் கையிலிருந்த பழைய பதிவுத் தாளை இன்னொரு முறை பார்த்தாள். அவள்தான் சொன்னாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே அலுவலகம். பதிவு ஸ்டிக்கரை வருஷா வருஷம் உரிமையாளரின் பிறந்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். நோர்மாந் பிறந்தது ஆகஸ்டில். ஆகஸ்டில் அவர்கள் ஊரில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு நாட்டில் வாழ்கிறவர்களுக்கு நடுவே ஒரு கை வேண்டியிருக்கிறது. கயெத்தானிடம் அமெரிக்கக் குடியுரிமைப் பத்திரம் இருந்தது, வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவன். அவன் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நோர்மாந்துக்குப் பிரெஞ்சுதான், ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஆங்கிலம் படித்த கிஸ்லேன்தான் மொழிபெயர்த்தாள். நடுவில் என்ன போட என்று கேட்டார்கள். இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் அலைய வேண்டாமே என்று, "அல்லது" என்றாள். தன் பெயரைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்போது அவள் கார் ஓட்டுவதில்லை. வெளியே வந்ததும் நோர்மாந் அவள் தோளைத் தட்டி, "நீ இல்லன்னா நான் முழிச்சிருப்பேன்" என்றான். அன்று முழுக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்ப மாத்தியிருக்கார்?" என்று கவுண்டர் பெண்ணிடம் கேட்டாள்.

"ஜூன் ஒம்பது."

நோர்மாந் இறந்தது ஜூலை இருபத்தொன்று. ஜூன் ஏழாம் தேதிதான் மருத்துவர் கையை விரித்தார். பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்லும் முன்பே, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று ஒதெத்துக்குப் போன் செய்து அழுதாள் கிஸ்லேன். "அழாத. நாங்க இருக்கோம்ல" என்றாள் ஒதெத். இரண்டே நாளில் கயெத்தான் இந்தக் கவுண்டருக்கு வந்திருக்கிறான். உயிர் போகும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது. அந்த வேலிக்கு முளை அடித்துக் கொடுத்தவளும் அவளேதான்.

நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போனாள். கயெத்தான் வெயிலுக்கு முகம் காட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"ஜூன் ஒம்பதாம் தேதி என்ன பண்ணிக்கிட்டிருந்த, கயெத்தான்?"

முதலில் புரியாத மாதிரி பார்த்தான். பிறகு புரிந்துபோய், அவர்கள் ஊர் வழக்கப்படி மாதா கோயில் பீடத்துச் சாமான் ஒன்றின் பெயரையே கெட்ட வார்த்தையாக்கி வைதான்.

"ஓ, ஆபீஸ் வரைக்கும் போயிட்டியா! சரி, சொல்றேன் கேளு. பதினோரு வருஷமா ஸ்டிக்கர் மாத்தினது யாரு? கோடை முழுக்க வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வச்சது யாரு? புயல் வந்தப்ப நடு மழையில எடுத்துட்டுப் போய் மேட்டுல நிறுத்தினது யாரு? நீங்க அங்க பார்பெக்யூ போட்டுக்கிட்டிருந்தீங்க."

"அதுக்காக? அவர் மூச்சு விட்டுக்கிட்டிருந்தாருப்பா!"

"அவர் செத்தப்புறம் மாத்தினா உன் பிள்ளைங்க வக்கீலக் கூட்டிட்டு வரும். அதான் முன்னாடியே முடிச்சேன். தப்பா? நீ இனிமே வரமாட்டேன்னு நெனச்சோம். புருஷன் போனப்புறம் எந்தப் பொம்பள தனியா வந்திருக்கா? இங்க நம்ம பக்கத்துல இருந்த ரொலாந் வந்தாளா? பெர்த் வந்தாளா?"

"சாவியக் குடு. இந்த ஒரு குளிர்காலத்துக்காவது."

"இன்ஷூரன்ஸ்ல நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம், அழகி. சட்டம்."

சட்டமாம். வாசலில் நின்ற ஒதெத் குறுக்கிட்டாள். "உன்ன அப்படியே விட்டுடுவோமா, கிஸ்லேன்? செவ்வாக்கிழமை எங்களுக்குக் கடை நாள். கூடவே வா. எங்களுக்கு என்ன, பின் சீட்டு சும்மாதானே கெடக்கு."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. "உங்க பின் சீட்டுல பொணம்தான் ஏறும்" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கத்துவதற்கு ஒரு நிமிஷம் போதும். அதன் பிறகு ஒரு குளிர்காலம் இருக்கிறது. வாடகைக் கார் நிலையத்துக்குப் போன் செய்தாள். சீசன் முழுக்கக் கார் தரலாம், ஆனால் அவள் பெயரிலேயே கடன் அட்டை வேண்டும் என்றார்கள். அவளிடம் இருந்தவை எல்லாம் நோர்மாந்தின் அட்டைக்குக் கிளை அட்டைகள். அவன் போனதும் வங்கி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. மார்லேனைக் கூப்பிட்டால் அட்டை கிடைக்காது, கீழ்த்தளத்து அறைதான் கிடைக்கும். போனை எடுத்தாள், வைத்துவிட்டாள்.

மாலையில் வாசலில் மூடி போட்ட ஒரு பாத்திரம் இருந்தது. ஒதெத்தின் பட்டாணி சூப், ஹாம் துண்டு போட்டது. கொட்டிவிடத்தான் எடுத்தாள். வீட்டில் இரண்டு ரொட்டித் துண்டும் கடுகுச் சாந்தும் தவிர எதுவும் இல்லை. நின்றபடியே கரண்டியால் வழித்துச் சாப்பிட்டாள். சூப் நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வெளியே ஹார்ன் அடித்தது. கிஸ்லேன் கைப்பையோடு படியில் தயாராக நின்றிருந்தாள். யாரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. முன் சீட்டில் ஒதெத் உட்கார்ந்து சாய்மானத்தைப் பின்னால் தள்ளினாள். கிஸ்லேன் முழங்காலை ஒடுக்கிக்கொண்டாள். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தட்டித் தட்டிச் சரிசெய்தாள். 'இது என் கார், நீங்கள் திருடர்கள், இனி என் வாசலில் ஹார்ன் அடிக்காதீர்கள்.' இறங்கும்போது சொல்லிவிட்டுத்தான் இறங்குவது என்று முடிவு செய்தாள்.

கடையில் ஊர்க்காரர் ஒருவர் கயெத்தானை நிறுத்தி, இந்த அம்மா யார் என்று கேட்டார்.

"நோர்மாந் இருந்தார்ல, அவரோட சம்சாரம். தனியா இருக்கு, பாவம். எங்க வண்டியிலதான் கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்."

"இந்தக் காலத்துல யாருப்பா இப்படிப் பாக்கறாங்க!" என்றார் அந்த மனிதர். கிஸ்லேன் முட்டை அட்டையைத் திறந்து, உடைந்தது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அந்த மனிதர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கவே, ஆமாம் என்று தலையாட்டினாள்.

கார் குடியிருப்புக்குள் திரும்பியது. அவள் வீட்டு வாசல் நெருங்கியது. கிஸ்லேன் வாக்கியத்தை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டாள். வண்டி நின்றது.

"ரொம்ப நன்றி, கயெத்தான்" என்றாள். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவள், பையை அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அடுத்த செவ்வாயும் வருவீங்கல்ல?"