விட்டுப்போன மூன்று பேர்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டர் தேவசுந்தரம் நடத்திய ஆஸ்பத்திரியில் கனகமணி பதினோரு வருடமாகச் சோதனைக்கூடம் பார்த்து வந்தாள். காலை ஏழு மணிக்கே வரிசையாகச் சீசாக்கள் வந்துவிடும். நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைப்பாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் அந்த ஆளுக்கு அன்று டாக்டரிடம் வசவு நிச்சயம்.

அந்தச் சோதனைக் கணக்குகளை வைத்துத்தான் டாக்டர் 1979இல் மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். சர்க்கரை நோயும் தைராய்டு மிகுதியும் சேர்ந்து வந்த நாற்பது பேருக்கு இரண்டு மாத்திரையையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்த கதை அது. தைராய்டு அடங்க அடங்க, சர்க்கரை மாத்திரையின் தேவையும் குறையும். பழைய அளவையே தொடர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி ஆள் சுருண்டுவிடுவார். நாற்பதில் மூன்று பேர் அப்படிச் சுருண்டார்கள். சிவகிரி முப்பிடாதியம்மாள் பருத்திக் காட்டில் விழுந்தாள். மகபூப் பீவி பஸ்ஸில் மயங்கினாள். வாசுதேவநல்லூர் சண்முகையா எழுந்திருக்கவே இல்லை.

“நேரத்துக்குச் சாப்பிடாமக் கெடுத்துக்கிட்டா மருந்து என்ன செய்யும்? அந்த மூணு பேரையும் எடுத்துரு கனகமணி” என்றார் டாக்டர்.

கனகமணி எடுத்துவிட்டு மறுபடி டைப் அடித்தாள். ‘பழைய அளவைக் குறைக்க வேண்டியதில்லை, பக்கவிளைவு எதுவும் இல்லை’ என்று முடிந்தது கட்டுரை. முதல் பத்தியில் நாற்பது என்றே நின்றது. உள்ளே அட்டவணையில் முப்பத்தேழு பேர்தான் இருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கவனிக்கவில்லை. மெட்ராஸ் மாநாட்டில் டாக்டருக்கு மாலை போட்டவர்களும் எண்ணிப் பார்க்கவில்லை. அச்சாகி வந்தபோது கனகமணியின் கண்ணில் மட்டும் அது பட்டது. சொன்னால் வேலைக்கு உலை என்று வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம், புளியங்குடியிலிருந்து மைமூனம்மாள் தன் கணவர் முகம்மது மைதீனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டையைத் தொட்டே விலை சொன்ன தரகர் அவர். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மத்தியானம் லுஹர் தொழுதுட்டுப் படுத்தாவ. வேர்த்துக் கொட்டுச்சி. அசதியில தூங்குதாவன்னு நான் எழுப்பல. பொழுதடைஞ்சி மஃரிபு தொழுகைக்கு எழுப்புனா முழிக்கல. உசிரு திரும்பிட்டு, நெனவுதான் வரல” என்றாள் மைமூனம்மாள்.

அவள் கொண்டுவந்த கடிதம் புளியங்குடி டாக்டர் பவுல்பாண்டியன் எழுதியது. ‘ஐயா, இவருக்கும் அந்த இரண்டு நோயும் உண்டு. வேறொரு பத்திரிகை சர்க்கரை மாத்திரையைக் குறை என்கிறது. தங்கள் கட்டுரை வேண்டாம் என்கிறது. நம் ஊர் ஜனங்களை வைத்துச் செய்தது என்று தங்களை நம்பி அளவைக் குறைக்காமல் கொடுத்தேன். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் குறைகிறார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று?’

தேவசுந்தரம் அதை இரண்டு தரம் படித்தார். “அச்சுப்பிழைன்னு நாலு வரி அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போடுதேன்.”

கனகமணி தாளை மெஷினில் செருகினாள். பெஞ்சிலிருந்து முகம்மது மைதீனின் குரல் கேட்டது.

“ஏட்டி, நீ யாரு? யாரு வீட்டுப் பிள்ள?”

“நான்தான், மைமூனு. உங்க பொண்டாட்டி” என்றாள் அவள். நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

கனகமணியின் விரல் அச்சுப்பிழை என்ற சொல்லுக்குப் போகவில்லை. மூன்று பேரின் பெயர், ஊர், விழுந்த நாள், சாப்பிட்ட மாத்திரை அளவு எல்லாவற்றையும் அடித்தாள். டாக்டர் வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“இதுல என் கையெழுத்து விழாது. உன் பேரைப் போட்டுக்கோ. நாளையிலருந்து வராத.”

தன் பெயரைப் போட்டாள். வெளியே வந்து காகிதத்தை மைமூனம்மாளிடம் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். “டாக்டர் சொன்னாரு. ஆனா பேரை எடுத்தது என் கைதாம்மா” என்றாள். அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

மைமூனம்மாள் அடிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவள், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தப் பொஸ்தகத்துல யாரு பேருதாம்மா இருக்கு?”

“குணமானவங்க கணக்குதான்.”

“கொணமானவுகள எழுதி என்ன செய்ய? அவுகதான் நடமாடுதாவளே. கொணமாவாதவுக கணக்கையில்லா மொதல்ல எழுதணும். அதப் பாத்துத்தான அடுத்த ஆளு பொழைப்பான். நீங்க படிச்சவுக மறைச்சிட்டிய. அத நம்பி இன்னொரு படிச்சவரு மருந்து குடுத்தாரு. படிக்காத நாங்க முழுங்கினோம்.”