வாலை வெட்டிவிட்டு எழுதவும்

பொருளாதார ஆய்வாளர்களுக்கான மடலாடற்குழு ஒன்றை ஆறு வருடங்களாக நான் கவனித்துவருகிறேன். சம்பளமில்லாத வேலை. இரண்டாயிரத்து எழுநூறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அனுப்பும் மடல் அத்தனை பேருக்கும் போகும். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று விதிகளை நினைவூட்டி ஒரு மடல் போடுவேன். தலைப்பைப் பார்த்தாலே விஷயம் தெரிய வேண்டும். நன்றி சொல்வதானால் அவருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பதில் எழுதும்போது கீழே தொங்கும் பழைய மடலை வெட்டிவிடுங்கள்.

அப்படித் தொங்குவதற்கு எங்கள் வீட்டில் 'வால்' என்று பெயர். என் கணவர் வைத்தது. யாராவது ஒரு வரி பதிலுக்குக் கீழே நான்கு பக்கத்தைத் தொங்கவிட்டால், நான் அவருக்குத் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டுவேன். "ஊரான் வாலை வெட்டுறதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்று கேலி செய்வார். போகப் போக என்னையே வாலு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவரும் பொருளாதாரம்தான். பஸ்ஸில் ஏழு மணி நேரம் தள்ளி ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். நான் இங்கே பல்கலைக்கழகத்தில், அத்தையையும் மகளையும் வைத்துக்கொண்டு. கல்யாணமாகி ஒன்பது வருடம். சனிக்கிழமை காலையில் பல் துலக்காத முகத்தோடு வந்து இறங்குவார். ஞாயிறு சாயங்காலம் பையைத் தூக்கிவிடுவார். சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. ஆரம்பித்த சண்டையை அடுத்த வாரம் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும்.

இந்த வருடம் எங்கள் துறையிலேயே ஒரு நிரந்தர இடம் காலியானது. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவருக்கு அடுத்த மாதம் இருபத்துமூன்றாம் தேதி நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் வேறு கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நேர்காணல் ஒரு வியாழக்கிழமைக்கு. தேர்வுக் குழுவுக்கு வெளியிலிருந்து வரும் நிபுணர், துறையில் எல்லோரும் பெரியவர் என்றே சொல்லும் பேராசிரியர். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் அவர் சொன்னதுதான் முடிவு.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆராய்ச்சி மாணவி மடலாடற்குழுவில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். கணக்கெடுப்பில் இரண்டு சுற்றுகளைச் சேர்க்கும்போது எண்ணிக்கை ஏன் இடிக்கிறது என்று. பாவம், இரண்டு நாளாக யாரும் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் கேள்வியை என் கணவருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஒரே வீடு இரண்டு சுற்றிலும் வருகிறது, வீட்டு எண்ணை வைத்து ஒரு தடவைதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அழகாக விளக்கியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே எழுதியிருந்தார்:

"நம்ம பெரியவரே தன் கட்டுரையோட மூணாவது அட்டவணையில இதைத்தான் கோட்டை விட்டிருக்கார். கிழவருக்கு எண்ணினதையே ரெண்டு தடவை எண்ணுற வயசாயிடுச்சு போல. வியாழக்கிழமை முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே, வாலு."

படித்துச் சிரித்தேன். வகுப்புக்கு மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அந்தப் பெண் காத்திருக்கிறாளே, இது எல்லோருக்கும் பயன்படுமே என்று நினைத்து, அவர் மடலுக்கே பதில் கொடுப்பதுபோல் திறந்து, விளக்கத்தை மேலே என் வார்த்தையில் எழுதி, அவர் முகவரியை எடுத்துவிட்டுக் குழுவின் முகவரியைப் போட்டேன். தலைப்பைக்கூடத் திருத்தினேன். எழுத்துப்பிழை பார்த்தேன். அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது ஆறு மடல்கள். முதலாவது, ஓய்வுபெற்ற ஒரு புள்ளியியல்காரரிடமிருந்து: 'அம்மா, பழைய மடலை நீக்க மறந்துவிட்டீர்கள்.' அதை அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தார். பழைய மடலை நீக்காமல். அடுத்தவர், இதை அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று புள்ளியியல்காரரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்திருந்தார். இன்னொருவர் தன்னைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் என் கணவரின் பெயரும், அந்தக் கிழவரைப் பற்றி அவர் எழுதிய வரியும் இருந்தன.

அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியுமா என்று முக்கால் மணி நேரம் தேடினேன். வழியில்லை. ஆனால் பெரியவர் மடல்களை உடனுக்குடன் வாங்குகிறவர் இல்லை. நாள் முழுதும் வந்ததைச் சேர்த்து ஐந்து மணிக்குப் போகும் தொகுப்பைத்தான் படிப்பார். அப்படி மாற்றிக் கொடுத்ததே நான்தான். மணி நாலேகால் ஆகியிருந்தது. குழுவை நிறுத்திவைத்தேன். என் மடலையும் அந்த ஆறையும் சேமிப்பிலிருந்து அழித்தேன். ஆறு வருடத்தில் யாருடைய மடலையும் நான் மறைத்தது கிடையாது. எனக்குப் பிடிக்காதவர்கள் எழுதியதைக்கூட.

ஐந்து மணிக்குத் தொகுப்பு சுத்தமாகப் போனது. பிறகுதான் என் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிழவர்னா போட்டிருந்தேன்?" என்றார்.

"ஆமாங்க."

"வேற ஏதாவது சொல் கிடைக்கல பாரு எனக்கு."

திட்டவில்லை. வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டார். அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு கிடையாது.

புதன்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். அத்தை அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், அவங்க யாரும் திறக்கிறதுக்கு முன்னாடி தபால்காரனைப் பிடிக்க முடியாதா என்றார். தபால்காரன் கிடையாது அத்தை என்றேன். சட்டையைத் திருப்பிப் போட்டு, காலரை அழுத்தித் தேய்த்தபடி மெல்லச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் பார்த்து எழுது, பார்த்து எழுதுன்னு சொல்றவ நீதானேம்மா."

என் கணவருக்கு அது கேட்டது. கேட்காததுபோல் புத்தகத்தைப் புரட்டினார்.

மதியம் ஒன்றரைக்குப் பெரியவரின் மடல் வந்தது. எனக்கு மட்டும். ஒன்பதே வரி.

'நேற்றைய தொகுப்பில் பதின்மூன்றாம் எண்ணுக்குப் பிறகு இருபத்தொன்று வந்தது. இடையில் உள்ளவை எங்கே என்று நண்பர்களிடம் விசாரித்தேன், அனுப்பிவைத்தார்கள். உங்கள் கணவர் சொல்வது சரி. வீடுகளை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். திருத்தம் வெளியிடச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டேன். இனி நாளை நான் அவரைத் தேர்ந்தெடுத்தால் கூச்சத்தால் என்பார்கள், விட்டுவிட்டால் கோபத்தால் என்பார்கள். அவருக்கு அந்தச் சங்கடம் வேண்டாம். தேர்வுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். ஆறு வருடமாக இந்தக் குழுவைப் பார்த்துக்கொள்கிறீர்கள். நன்றியைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்பது உங்கள் விதி. ஆகவே இங்கே சொல்கிறேன்.'

கீழே வால் இல்லை.

என் கணவர் இரண்டு தடவை படித்தார். "மனுஷன்னா இவர்தான்" என்றார். காலையில் வந்து இறங்கியபோது முகத்தில் இல்லாத ரத்தம் வந்தது. எண் விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடிக்கிறவர் அட்டவணையில் எப்படி விட்டார் என்று சிரித்தார். சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, கேட்கக்கூடிய கேள்விகளை என்னைக் கேட்கச் சொன்னார். நான் படுக்கையில் உட்கார்ந்து தேர்வுக் குழுவாக இருந்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து அவளும் ஒரு கேள்வி கேட்டாள், உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன என்று. நீலம் என்று பணிவாகப் பதில் சொன்னார். ஒரு மணி நேரம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு புதன்கிழமை அவர் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலே முக்காலுக்குப் பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். வெளி நிபுணர் விலகிவிட்டதால் நாளைய நேர்காணல் நடக்காது. புது நிபுணரை நியமிக்க ஆட்சிக்குழு கூட வேண்டும். அதன் பிறகு புது அறிவிப்பு, புது விண்ணப்பம். எப்போது என்று கேட்டேன். மூன்று மாதம், ஆறு மாதம் என்றார். வயது? "புது அறிவிப்புத் தேதியில இருக்கிற வயசுதான் மேடம் கணக்கு." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஏதாவது விதிவிலக்கு உண்டா என்று அவராகவே தேடிப் பார்த்து, இல்லை என்றார்.

திரும்பினேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பெரியவரைக் கோபித்துக்கொள்ளக்கூட எங்களுக்கு இடமில்லை. அவர் சண்டைக்காரராக உட்கார்ந்து கேள்வியால் குடைந்திருந்தால்கூட என் கணவர் பதில் சொல்லித் தப்பித்திருப்பார். இவர் நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர்.

சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றினார்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"கேட்காதே." குரல் உயரவில்லை. "நீ கேட்டா நான் பரவாயில்லைன்னு சொல்லணும். இப்ப என்னால சொல்ல முடியல."

"எப்ப முடியுமோ அப்பச் சொல்லுங்க."

"அப்படி ஒரு நாள் வரும்னு எனக்குத் தெரியல. அந்த வரியை எழுதினது நான்தான். அதை நினைச்சு நினைச்சுப் பாக்குறேன். ஆனா கோபம் என்னவோ உன் மேலதான் வருது." கழற்றிய சட்டையை மடித்தபடி, "இதை உங்கிட்ட மறைக்க விரும்பல" என்றார்.

நாளைக்கு விடுப்பு எதற்கு வீணாக வேண்டும் என்று ஏழு மணி பஸ்ஸுக்கே கிளம்பினார். அத்தை வழிக்குச் சாப்பாடு கட்டப் போனார், வேண்டாம் என்றார். வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது மகள் வண்ணப் பென்சிலோடு வந்து நின்றாள். ஜூன் மாதத்திலிருந்து அப்பா இங்கேயே இருப்பார் என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தோம். பையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள், மறுபடியும் சனிக்கிழமைதானா என்று.

"ஆமா கண்ணு."

"சரி" என்றாள். அழுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து வண்ணம் தீட்ட ஆரம்பித்தாள்.