மணக்காத நாய்த்தீனி

அன்னப்பூரணியின் சுத்தம் சித்தாண்டி முழுக்கப் பிரசித்தம். முருகன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் வீட்டு மீன்சட்டி பரணில் ஏறிவிடும். புருஷன் கதிர்காமத்தம்பி பருப்பையும் கீரையையும் விழுங்கிக்கொண்டு திருவிழா முடியும் நாளை எண்ணுவார். வளர்த்த நாய் ஜிம்மிக்குத்தான் விரதம் விளங்கவில்லை. பருப்புச்சோற்றை மோந்துவிட்டு அது அவளைப் பார்க்கும் பார்வையில் கல்லும் கரையும்.

அந்தப் பார்வை தாங்காமல்தான் ஒரு திருவிழாவின்போது ஏறாவூர் அஸ்பாக்கின் கடைக்குப் போனாள். அவன் எடுத்துப்போட்ட நாய்த்தீனிப் பைகளை ஒவ்வொன்றாக மோந்தாள்.

"தம்பி, இறைச்சி மணம் இல்லாததாத் தாங்க. விரத வீடு."

"நாய்ச் சாப்பாடு மணக்கத்தானே வேணும், அக்கா?" என்று அஸ்பாக் சிரித்தான்.

அவள் கேட்டால்தானே! எதுவுமே மணக்காத, இருப்பதிலேயே மலிவான பையைத் தேடிப்பிடித்துத் தூக்கிவந்தாள். பையில் ஒரு கோழிக்கால் படம் இருந்தது. அதுவும் கண்ணில் படாதபடி சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

திருவிழா முடிந்தது, மீன்சட்டி இறங்கியது, பை மட்டும் போகவில்லை. அள்ளிப்போட்டால் வேலை முடிந்ததல்லவா. அந்தச் சுலபத்தில் ருசி கண்டது ஜிம்மியல்ல, அவள். இரண்டு வருடத்தில் நாய் மெல்ல மெல்ல மங்கியது. மயிர் கொட்டியது, ஓயாமல் சொறிந்தது. வயல் வட்டையில் பன்றி விரட்டிய நாய், வாசற்படி ஏறவே யோசித்தது. இத்தனைக்கும் வயசு ஆறுதான்.

"வேற ஒரு குட்டி பாப்பம்" என்று கதிர்காமத்தம்பி வாய் திறந்த அன்று அவருக்குச் சோறு கிடைக்கவில்லை. மறுநாளே அவள் ஜிம்மியையும் பையையும் ஆட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் யசோதினி இரத்தம் சோதித்தார், தோலைப் பார்த்தார், பிறகு பையின் பின்பக்கத்தைப் படித்தார்.

"அம்மா, இதில சோளம், தவிடு, சாயம்தான் கிடக்கு. கோழி படத்தில மட்டும்தான். இதையே திண்டா உடம்பு எதை வச்சுத் தேறும்?"

"பிழைக்குமா, மகள்?"

"வேற நோய் வருத்தம் ஒண்டுமில்ல. சாப்பாட்டை மாத்தினாத் தேறும். பின்பக்கத்தில முதல் பேரா இறைச்சி எழுதின பை வாங்குங்க. அதோட, முள்ளெடுத்த மீன், உப்பு, மிளகாய்த்தூள் இல்லாம அவிச்சுக் குடுங்க. மாசக்கணக்கில ஆகும். இண்டைக்கே தொடங்குங்க."

இன்றைக்கே! கோயிலில் கொடி பறந்துகொண்டிருந்தது. முருகன் பொறுப்பான், ஜிம்மியின் உடம்பு பொறுக்காது என்று வழியிலேயே அவள் முடிவெடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்க, கொஞ்சம் மீன் வாங்கி வாங்க."

கதிர்காமத்தம்பியின் முகம் பூவாய் மலர்ந்தது.

"உங்களுக்கில்ல!"

வளவு மூலையில் கல் கூட்டி மீன் அவித்தாள். முள்ளெடுத்து ஊட்டிவிட்டுத் தலைமுழுகி, அதன் பிறகே அடுப்படிக்குள் போனாள். திருவிழா முழுக்க இதே கூத்து. ஊர் சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டாள். மாதங்கள் போகப்போகச் சொறி அடங்கியது, புதுமயிர் மினுங்கியது. அறுவடைக் காலத்தில் ஜிம்மி வட்டைக்கே காவல் போனது.

அடுத்த கொடியேற்றத்தன்று அவள் முழுகி, புதுச்சேலை உடுத்து, அர்ச்சனைத் தட்டுடன் இறங்கினாள். அப்போதுதான் சாப்பிட்டு முடித்த ஜிம்மி பாய்ந்து வந்து அவள் முகமெல்லாம் நக்கியது. ஒரே மீன் வாடை.

"திரும்ப முழுகிப்போட்டு வா, நான் நிக்கிறன்" என்றார் கதிர்காமத்தம்பி.

படியேற முடியாமல் கிடந்த நாய் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"வேணாம், வாங்க போவம்" என்றாள். "இவன் சுகமாயிட்டான் எண்டு முருகனும் மோந்து பாக்கட்டும்."