நைட்டியோடு எப்படிப் போவது

அவளுக்கு மொத்தம் மூன்று நைட்டிகள். நீலம் ஒன்று, காப்பிப்பொடி நிறம் ஒன்று, சிவப்பில் பூப்போட்டது ஒன்று. ஒன்று உடம்பில் இருந்தால் ஒன்று கொடியில் காயும், இன்னொன்று மடிப்பில் இருக்கும். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் வீட்டில் அவள் வேறெதையும் உடுத்தியதில்லை. வெளியே போகிற துணியெல்லாம் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி புருஷனின் சாவிக்கொத்தில் இருந்தது. சாவிக்கொத்து தினமும் காலை ஏழு மணிக்கு அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடும்.

அவன் லிப்ட் மெக்கானிக். நியாயமாகச் சொன்னால் கை நீட்டாதவன், குடிக்காதவன். காய்கறி, பால், மாத்திரை எல்லாவற்றையும் அவனே வாங்கிப் போட்டுவிடுவான். "வீட்ல இருக்கறவளுக்கு எதுக்கு நல்ல துணி? நான் இருக்கறப்ப கேளு, எடுத்துத் தரேன்" என்பான். அப்படியாப்பட்ட நல்லவன் வாசல் கதவை ஒருநாளும் வெளியே பூட்டியதில்லை. பூட்டுவானேன்? இவள் நைட்டியோடு தெருவில் இறங்கமாட்டாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இவளுக்கும் தெரியும்.

எதிர்வீட்டு டீச்சர் ஆரம்பத்தில் ஒருதரம் கேட்டாள், "என்ன, எப்பப் பாத்தாலும் நைட்டியிலயே இருக்கீங்க?" என்று. பீரோ சங்கதியைச் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. "எனக்கு இதான் டீச்சர் வசதி. உங்கள மாதிரி காலங்காத்தால இஸ்திரி போட்டுட்டு விறைப்பா நிக்க என்னால ஆகாது" என்று சிரித்து வைத்தாள். டீச்சரும் சிரித்தாள். அன்று சொன்ன பொய்யை ஆறு வருஷமாகப் பூசி மெழுகிக்கொண்டு வருகிறாள்.

அன்றைக்குக் காலை எட்டே முக்காலுக்கு அக்கா போன் செய்தாள். அம்மாவை முந்தின நாள் இரவுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"அம்மாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. வரவேண்டியவங்கள வரச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். உன்னத்தான் கேட்டுட்டே இருக்கா. உடனே கிளம்பு."

"இதோ வந்துட்டேன்க்கா."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் குனிந்து தன்னைப் பார்த்தாள். நீல நைட்டி, முட்டிக்குக் கீழே மஞ்சள் கறை. பஸ்ஸில் போனால் நாற்பது நிமிஷம். கையில் பழைய பேப்பர் போட்டதில் வந்த சில்லறை இருந்தது. உடுப்புதான் இல்லை.

புருஷனுக்குப் போன் செய்தாள். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது.

"போன மாசமும் இதே பாட்டுதான பாடினாங்க? நான் பன்னெண்டாவது மாடில நிக்கறேன், லிப்டுக்குள்ள ஆள் மாட்டிட்டு இருக்கு. சாயந்திரம் வந்து நானே கூட்டிட்டுப் போறேன்."

"சாவிய மட்டும் யாருகிட்டயாவது குடுத்து விடுங்களேன்."

"உனக்கு எத்தன தடவ சொல்றது? சாயந்திரம்னா சாயந்திரம்" என்று வைத்துவிட்டான்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரண்டிக் காம்பை பீரோ இடுக்கில் விட்டு நெம்பினாள். காம்புதான் வளைந்தது. டீச்சரிடம் ஒரு உடுப்பு கேட்கலாம், அவள் பள்ளிக்கூடம் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கதவுவரை போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். உங்க துணியெல்லாம் எங்கே என்று கேட்டால்? எனக்கு இதுதான் வசதி என்று நாக்கு கூசாமல் சொன்னவள் இப்போது எதைச் சொல்வாள்? மானம் கப்பலேறிவிடும். கதவு ஓட்டையில் கண்ணை வைத்தபடியே நின்றாள். டீச்சர் வெளியே வந்தாள், பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், படியிறங்கிப் போய்விட்டாள். பாவி, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

அப்போதுதான் ஜன்னல் திரை கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் அவள் திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்தவள். திரையைக் கழற்றி, வளையம் போட்ட மேல்பட்டையை வெட்டிக் கடாசினாள். நைட்டிக்கு மேலே போட்டுக்கொள்ள முட்டிவரைக்கும் ஒரு மேல்சட்டை, கழுத்துக்கு ஒரு வெட்டு, கைக்கு இரண்டு துண்டு. கீழே தெரிகிற நைட்டி பாவாடை மாதிரி இருக்கும். வீட்டில் மெஷின் கிடையாது. ஊசியும் நூலும்தான். அரைமணியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

முடித்திருக்கலாம்தான். ஆனால் கை பழகிய கையாயிற்றே. பக்கத் தையல் போட்டதும் ஓரம் பிசிறாகத் தொங்கியது. பிசிறோடு போனால் திரையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடாதா? ஓரத்தை ஒருதரம் மடித்து, மறுபடி மடித்து, நகத்தால் கீறிப் படியவைத்து, கடையில் தைத்த மாதிரியே பொடித் தையலாகப் போட்டாள். நடுவில் அக்கா இரண்டுதரம் போன் செய்தாள். "வந்துட்டே இருக்கேன்க்கா" என்று இரண்டுதரமும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னாள். மூன்றாவது தரம் அக்கா கூப்பிடவில்லை. அது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள், அசடு. கிளம்பும்போது மணி பதினொன்றரை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எங்கே பார்த்தாலும் நைட்டி. நோயாளிகளைச் சொல்லவில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் சொல்கிறேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி பிளாஸ்க்கோடு நடந்தாள், ஒருத்தி மருந்து வரிசையில் நின்றாள், இன்னொருத்தி வாட்ச்மேனோடு வாய்ச்சண்டையே போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவரவர் இருந்தபடியே ஓடிவந்தவர்கள். அந்தக் கூட்டத்திலேயே திரை போட்டுக்கொண்டு நின்றவள் இவள் ஒருத்திதான்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"பதினொண்ணு பத்துக்கு" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பத்தரை வரைக்கும் நல்லா பேசினா. சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு வாசலையே பாத்துட்டு இருந்தா. வந்துட்டே இருக்கான்னு சொன்னேன். எங்கடி போன?"

பதினொன்று பத்து. அப்போது சட்டையின் வலது கை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். இடது கையோடு சரியாக வரவேண்டும் என்று ஒருதரம் பிரித்தும் தைத்தாள். அம்மாவின் உயிரைவிட அந்த ஓரம் பெரிதாகப் போய்விட்டது.

"துணி இல்லக்கா" என்றாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் போட்டிருந்த சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

உள்ளே அம்மா, முதுகுப்பக்கம் நாடா வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி அங்கியில் கிடந்தாள். "இதக் கழட்டிட்டுத்தான் குடுப்போம். வீட்டுத் துணி ஏதாவது கொண்டாந்திருக்கீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். அக்கா அவசரத்தில் எதையும் எடுத்து வந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் வந்தான். அக்கா அவனுக்கும் சொல்லியிருந்தாள் போலும். வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, இவளுடைய பச்சைப் பட்டுப்புடவையைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தான். "இதப் போய்க் கட்டிக்க. இதென்ன கோலம்?" என்றான் தணிந்த குரலில். சொல்லப்போனால் கொஞ்சம் பரிவாகத்தான் சொன்னான்.

புடவையை வாங்கினாள். வாங்கி நேரே நர்ஸ் கையில் கொடுத்தாள்.

"அப்ப நீ எதக் கட்டுவ?" என்றான்.

தைத்த சட்டையைத் தலைவழியாகக் கழற்றினாள். ஓரம் ஓரமாக மடித்து அவன் கொண்டுவந்த பையிலேயே போட்டாள். நீல நைட்டியும் மஞ்சள் கறையுமாக நின்றாள்.

பச்சைப் புடவையில் அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் அக்கா பிடித்துக்கொண்டாள், மறுபக்கம் இவள். புருஷன் ஓடிவந்து இவள் முழங்கையைப் பிடித்தான்.

"இப்படியேவா வெளிய வர? நாலு பேரு பாக்கறாங்க."

"இத வாங்கிக் குடுத்ததே நீங்கதான?" என்றாள். "கைய எடுங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவன் கையை எடுத்துவிட்டான். இடுப்பில் சாவிக்கொத்து ஆடியது.

அம்மாவை ஏற்றிப்போக வந்த வண்டி தெருவில் நின்றிருந்தது. நல்ல உச்சி வெயில். எதிரே பஸ் நிறுத்தத்தில் இருபது பேராவது இருப்பார்கள். ஒருத்தி பிள்ளையின் மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள், பழக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார், இரண்டு பேர் எந்த பஸ் எங்கே போகும் என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். இவள் நைட்டியோடு நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது பார்க்கட்டும், ஒருத்தராவது முகம் சுளிக்கட்டும், தான் பயந்ததில் அணுவளவாவது நியாயம் இருந்திருக்கட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.